பெயர் போன கோப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேப்பனப்பள்ளிக்குப் போனது கோழிக் குழம்புக்காகத்தான். என் நாத்தனார் வீட்டு நிலத்தில் மூன்றாவது தடவையாகப் போட்ட போரில் தண்ணீர் வந்திருந்தது. முதல் இரண்டிலும் வெறும் புழுதி. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் நாத்தனார் போன் பண்ணி, "ஞாயித்துக்கெழம வந்துடு. களி கிண்டறேன், நாட்டுக்கோழி அடிக்கறோம். வேல இருக்குதுன்னு சொன்னீன்னா அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று முடித்துவிட்டார். என் கணவருக்கு அன்று ஷிப்ட். அதனால் ஓசூரிலிருந்து நான் மட்டும் கிளம்பி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறிப் போனேன். பையில் இரண்டு சீப்பு வாழைப்பழமும் லேப்டாப்பும்.

லேப்டாப் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. கல்யாண வீட்டுக்கும் எடுத்துப் போயிருக்கிறேன், சாவு வீட்டுக்கும் எடுத்துப் போயிருக்கிறேன். சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊத்தங்கரையில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்து ஓசூருக்கு வந்ததிலிருந்து, கம்பெனி இரண்டு முறை மாறினாலும், வேலை மாறவில்லை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் இயந்திரங்களின் திரையில் படமோ பட்டனோ இருக்காது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நான் ஒரு வரி அடித்தால் அது ஒரு வரி பதில் சொல்லும். செய் என்றால் செய்யும். நிஜமாகவா என்று திருப்பிக் கேட்காது. அந்தக் குணம் எனக்கு எப்போதுமே பிடித்திருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

எங்கள் சர்வர்களில் ஒன்று லேபிள் அச்சடிப்பது. தொழிற்சாலையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபிள், அதில் ஒரு எண். அந்தப் பெட்டியில் இருக்கும் பாகங்கள் எந்த இரும்புக் கம்பியில் வெட்டியவை, எந்த உலையில் வெந்தவை, எந்த ஷிப்டில் யார் சோதித்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு நேராக ஒரு கோப்பில் பதிவாகும். நாங்கள் அதைப் பதிவேடு என்போம். நாளைக்கு எங்கேயாவது ஒரு வண்டியில் பிரேக் பாகம் உடைந்தால், அந்த எண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். மாந்தோப்பு ஓரமாகக் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அண்ணா, அதாவது நாத்தனாரின் கணவர், புது போர் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்து, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். "உப்பு இருக்குதாம்மா?" என்றார். இல்லை, இளநீர் மாதிரி இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பு இறங்குவதற்குள் என் போன் அடித்தது.

தொழிற்சாலையின் ஷிப்ட் இன்சார்ஜ். திருநெல்வேலிக்காரர், வந்து நான்கு வருஷம். வேலையில் சூரர், பொறுமையில் கொஞ்சம் குறைச்சல்.

"மேடம், லேபிள் வரமாட்டேங்குது. லாரி வாசல்ல நிக்கி. ரெண்டு மணிக்குள்ள கெளம்பலன்னா அங்க கஸ்டமரோட லைன் நின்னுரும்."

"அஞ்சு நிமிஷம் சார். பாக்கறேன்."

கட்டிலிலேயே லேப்டாப்பைத் திறந்து, போன் வழியாக சர்வருக்குள் போனேன். காரணம் உடனே தெரிந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது. புது எண்ணை எழுத இடமில்லை, அதனால் லேபிள் நின்றுவிட்டது. இது ஒன்றும் பெரிய நோயில்லை. இயந்திரம் தினமும் எழுதிக்கொண்டே போகும் நாட்குறிப்புக் கோப்புகளில் பழையதாக, பெரியதாக ஒன்றை அழித்தால் போதும். தேடினேன், கிடைத்தது. அதே இடத்தில்தான் பதிவேடும் இருந்தது. எப்போதோ யாரோ வைத்த பெயர்கள். இரண்டுக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு.

அழிக்கும் கட்டளையை அடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி போன். "மேடம், ஆச்சா?" தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "ஆச்சு சார், இதோ" என்று சொல்லிக்கொண்டே கடைசி எழுத்தை அடித்து, என்டரைத் தட்டினேன்.

டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று பார்த்தேன். கொஞ்சமும் காலியாகவில்லை. இது என்ன என்று கோப்புகளை வரிசையாகப் பட்டியல் போட்டேன். அழித்திருக்க வேண்டிய நாட்குறிப்பு அப்படியே இருந்தது. பதிவேடு இல்லை.

அந்த நொடியை எப்படிச் சொல்வது? பக்கத்து அடுப்பில் குழம்பு தாளிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. அது என்ன வாசனை என்றே எனக்கு விளங்கவில்லை.

சரி, தினமும் ஒரு நகல் எடுத்து வைக்கிறோமே என்று அங்கே போய்ப் பார்த்தேன். கடைசி நகல் செவ்வாய்க்கிழமையோடு நின்றிருந்தது. புதன்கிழமையே டிஸ்க்கில் இடம் பத்தாமல் நகலெடுப்பது நின்றிருக்கிறது. இயந்திரம் தினமும் எனக்கு மெயிலில் சொல்லியும் இருக்கிறது. அந்த மாதிரி மெயில்கள் நிறைய வருகின்றன என்று, அவற்றை ஒரு தனி இடத்துக்குப் போகும்படி நானேதான் செய்து வைத்திருந்தேன். வாரம் ஒரு தடவை பார்ப்பேன். அந்த வாரம் பார்க்கவில்லை.

புதன் முதல் ஞாயிறு மதியம் வரை போன பெட்டிகள் அத்தனைக்கும் இப்போது ஜாதகம் இல்லை.

அப்புறம்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்த வேலையில் நான் படித்த ஒரு பழைய பாடத்தை நினைத்துப் பார்த்தேன். யூனிக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் உண்மையில் பட்டியலிலிருந்து அதன் பெயரை அடித்துவிடுவதுதான். ரேஷன் கார்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டாலும் ஆள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருப்பார், அதைப்போல. ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும், பெயர் போனாலும் உடம்பு உள்ளே இருக்கும். எந்த நிரல் எதைப் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். லேபிள் நிரல் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கையில், அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு, என் பதிவேடு முழுசாக இருந்தது.

கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த நிரல் கையை விட்டால், அல்லது சர்வரை யாராவது நிறுத்தினால், அதோடு சரி. எந்தச் சாமியாலும் திரும்ப எடுக்க முடியாது.

போனை இன்னும் வைக்கவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் இன்சார்ஜின் குரல்: "ரொம்ப நேரமாவுதே மேடம். நான் போயி அந்த சர்வரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருதேன், சரியாப் போவும்."

"வேண்டாம் சார்!" என்று கத்தினேன். பதில் இல்லை. போனைப் பார்த்தேன். சிக்னல் கம்பி ஒன்றுகூட இல்லை. கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியும் நின்றிருந்தது. அந்தப் பக்கத்தில் கரண்ட் போனால் டவரும் கூடவே போய்விடும்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்ற வைத்தியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நாலு வருஷமாக அவர் மேஜைக் கம்ப்யூட்டர் எப்போது மக்கர் பண்ணினாலும் நான் முதலில் சொல்வது அதுதான்.

"அண்ணா, சிக்னல் எங்க கிடைக்கும்?"

என் முகத்தைப் பார்த்து அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த மசாலாவை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "மேட்டுல தண்ணி டேங்க் இருக்குது. அங்க நின்னா கர்நாடகா டவரு எடுக்கும். வண்டில ஏறும்மா." திறந்த லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். நாத்தனார் கரண்டியோடு வெளியே வந்து, "எங்க போறீங்க ரெண்டு பேரும், களி ஆறிடும்" என்று கத்தியது பின்னால் தேய்ந்துபோனது.

மேட்டில் இரண்டு கம்பி கிடைத்தது. இன்சார்ஜைக் கூப்பிட்டேன், வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டேன், அதே. கேட்டில் செக்யூரிட்டி மேஜையில் ஒரு பழைய லேண்ட்லைன் உண்டு. அதற்கு அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டில் இருப்பது பேரிகையிலிருந்து வரும் ஒரு அம்மா. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர். சர்வர் அறைச் சாவி அவர் தலைக்கு மேலே உள்ள சாவிப் பலகையில்தான் தொங்கும். வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

"சர்வர் ரூம் சாவி அங்க இருக்கா?"

"இருக்குது மேடம். ஷிப்ட் சாரு இப்பதான் கேட்டுனு வந்துனு இருக்காரு."

"குடுக்காதீங்க."

"மேடம், அவரு எனக்கு மேல மேடம்."

"தெரியும். இருந்தாலும் குடுக்காதீங்க. அந்த ரூமை யாரும் திறக்கக் கூடாது. திறந்தா என்னால திரும்பச் சரி பண்ணவே முடியாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரிங்க மேடம்" என்றார். அப்புறம் ஏதோ உலோகச் சத்தம். அடுத்து இன்சார்ஜின் குரல், தூரத்திலிருந்து. "சாவி எங்கம்மா?" "குடுக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க சார்" என்றார் அந்த அம்மா. ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"என்ன மேடம் இது, சாவியைக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுதீங்களாமே? லாரி நிக்கி, நான் யாருக்குப் பதில் சொல்ல?"

எனக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. டிஸ்க், சிஸ்டம் என்று அவருக்குப் புரியாத நாலு வார்த்தை சொல்லிச் சமாளிப்பது ஒன்று, உள்ளதைச் சொல்வது இன்னொன்று. முதலாவதை நான் பல தடவை செய்திருக்கிறேன். அன்று அதற்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

"சார், தப்பு என்னோடது. டிஸ்க்ல இடம் பண்ணப் போயி பதிவேட்டை அழிச்சிட்டேன். புதன்கிழமையிலேருந்து போன எல்லாப் பெட்டியோட கணக்கும் அதுலதான் இருக்கு. சர்வர் ஓடற வரைக்கும் என்னால அதை எடுக்க முடியும். நீங்க ஆஃப் பண்ணினா போச்சு. எனக்கு அரை மணி நேரம் குடுங்க."

அவருக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"அழிச்சிட்டீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லாமல் வெறும் ஆச்சரியம்.

"ஆமா சார்."

"சரி. அரை மணி நேரம். டிரைவருக்குச் சாப்பாடு வாங்கிக் குடுக்கேன். கஸ்டமர்கிட்ட நான் பேசுதேன். நீங்க பாருங்க."

வண்டி சீட்டின் மேல் லேப்டாப்பை வைத்தேன். சிக்னல் போனதில் பழைய இணைப்பு அறுந்திருந்தது, மறுபடி உள்ளே போனேன். அண்ணா என் போனை வாங்கி, தண்ணீர் டேங்க் ஏணியில் நாலு படி ஏறி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப வருதாம்மா? இன்னும் ஒரு படி ஏறட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் நேர் உச்சியில்.

ஒரு நிரல் பிடித்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இயந்திரம் ஒரு எண் கொடுத்திருக்கும். பெயர் இல்லாவிட்டாலும் அந்த எண்ணைச் சொல்லி நகலெடுக்கலாம். காலியாக இருந்த வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கச் சொன்னேன், நடுவில் சிக்னல் போனாலும் வேலை நிற்காதபடி. என்டரைத் தட்டும் முன் அந்த வரியை மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். அண்ணா ஏணியிலிருந்து, "ஜபமா?" என்றார்.

நகல் முடிந்தது. ஆனால் நகல் முழுசா என்று தெரிய வேண்டுமே. போனை வாங்கி இன்சார்ஜைக் கூப்பிட்டு, கடைசியாக ஒட்டிய லேபிளின் எண்ணைப் படிக்கச் சொன்னேன். அவர் பேக்கிங் பகுதிக்கு நடந்து போகும் காலடிச் சத்தம், பெட்டியைத் திருப்பும் சத்தம் எல்லாம் கேட்டது. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். நான் என் திரையில் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி மூன்று இலக்கம், நாலு, ஒன்று, ஏழு. என் விரலுக்கு அடியிலும் நாலு, ஒன்று, ஏழு.

"இருக்கு சார்" என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரண வேலை. முதலில் அழித்திருக்க வேண்டிய நாட்குறிப்பை, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அழித்தேன். இடம் கிடைத்தது. பதிவேட்டை அதன் இடத்தில், அதன் பெயரில் வைத்தேன். லேபிள் நிரலை நானே நிறுத்தி, நானே ஓட்டினேன். போனில் லேபிள் பிரிண்டரின் கரகரப்புக் கேட்டது. இன்சார்ஜ் யாரிடமோ, "ஒட்டுங்கப்பா, ஒட்டுங்கப்பா" என்று கூவினார். லாரி இரண்டே காலுக்குக் கிளம்பியது. கால் மணி நேரம் தாமதம்.

வீட்டுக்கு வந்தபோது களி கல்லாகியிருந்தது. நாத்தனார் திட்டிக்கொண்டே எனக்காகப் புதிதாக ஒரு உருண்டை கிண்டினார். அண்ணா, நாங்கள் மேட்டில் என்ன செய்தோம் என்பதை அவருக்கு விளக்கினார். "ஒரு பொருளு காணாமப் போச்சு. கண்டுபிடிச்சிட்டோம்." நான் இரண்டு உருண்டை சாப்பிட்டேன். குழம்பில் காரம் தூக்கலாக இருந்தது. பிறகு கட்டிலில் படுத்து, நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டுத் தூங்கினேன்.

திங்கட்கிழமை அறிக்கை எழுத வேண்டும். உற்பத்தி நின்றால் அதற்கு ஒரு படிவம் உண்டு, அதில் காரணம் என்று ஒரு கட்டம். இன்சார்ஜ் என் மேஜைக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, "டிஸ்க் ஃபுல்னு மட்டும் எழுதிருங்க மேடம். அது பொய்யில்லையே. மத்தது எதுக்கு?" என்றார். அந்த மனுஷர் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் எழுதினேன். எச்சரிக்கை மெயிலைப் பார்க்காமல் விட்டது, தவறான கோப்பை அழித்தது, இரண்டையும்.

எங்கள் பிளான்ட் மேனேஜர் தினமும் பெங்களூரிலிருந்து வந்து போகிறவர். கன்னடக்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார். படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"எத்தனை வருஷம் ஆச்சு மேடம், இந்த வேலையில?"

"இருபத்தாறு சார்."

"இருபத்தாறு வருஷத்துல இதுதானா ஃபர்ஸ்ட் டைம்?"

"இல்ல சார். எழுதிக் குடுக்கறதுதான் முதல் தடவை."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுபடி நடக்காமல் இருக்க என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசினோம். நகலெடுப்பது நின்றால் மெயிலுக்குப் பதிலாக என் போனே அலறும்படி செய்தேன். பதிவேட்டை நாட்குறிப்புகளோடு சேர்க்காமல் தனி டிஸ்க்கில் வைத்தேன். பெயரையும் மாற்றினேன். இப்போது அதை யாரும் எதோடும் குழப்ப முடியாது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இன்சார்ஜ் எழுந்து, தான் சாவி கேட்டதையும் செக்யூரிட்டி அம்மா கொடுக்காததையும் தானே சொன்னார். "அவங்க மட்டும் குடுத்திருந்தா அஞ்சு நாள் பெட்டியையும் வரவழைச்சுப் பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கேட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"சாவியை எங்கதான் வெச்சீங்க?" என்றேன்.

"டிபன் பாக்ஸுல போட்டு மூடிட்டேன் மேடம். புளி சாதத்துக்கு நடுவுல. யாரு தேடப் போறாங்க."

"அவர் உங்களுக்கு மேல இருக்கறவர். என்னை நம்பி எப்படி மறுத்தீங்க?"

அவர் ஒரு லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் பதில் சொன்னார். "அவரு கோவமா இருந்தாரு. நீங்க பயந்துனு இருந்தீங்க. கோவமா இருக்கறவங்க அஞ்சு நிமிஷம் நின்னா ஒண்ணும் ஆவாது. பயந்தவங்க சொன்னா கேட்டுக்கணும் மேடம்."

இந்த வேலையில் நான் தனியாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கறுப்புத் திரை, நான், அதற்கு நடுவில் யாருமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் பதிவேடு திரும்பக் கிடைத்ததற்கு ஏணியில் நின்ற ஒருவர், சாவியை மறைத்த ஒருவர், அரை மணி நேரம் கொடுத்த ஒருவர் என்று மூன்று பேர் வேண்டியிருந்தது. மூவருக்கும் லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. அதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இல்லை, நிம்மதியாக இருக்கிறது.

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு இன்சார்ஜ் கூப்பிட்டார்.

"மேடம், லேபிள் கொஞ்சம் மெதுவா வருது. அவசரமில்ல. நான் ஒண்ணும் தொடல."

"டீ குடிச்சிட்டு வர்றேன் சார்" என்றேன்.

"நானும் வாரேன், இருங்க" என்றார். கேன்டீனில் இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தோம். பிரிண்டருக்குள் ஒரு லேபிள் மடங்கி ஒட்டியிருந்தது. அவரே விரலால் உரித்து எடுத்தார்.